அறுபத்தைந்து கிலோ மருமகன்

போன ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்ட காருக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் ஒருவர். ஸ்வெட்டர், அதன் மேல் ரெயின்கோட், தலையில் குரங்குக் குல்லா. வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

எங்களுக்கு வேர்க்க வேர்க்க, அவர்கள் கைதட்டினார்கள்.

யாரும் அவசரப்பட்டுப் போலீசுக்குப் போன் போட வேண்டாம். கதவைப் பூட்டவில்லை. இரண்டு பேரும் சம்மதத்தோடுதான் ஏறினோம். சரி, அவர் சம்மதத்தோடு ஏறினார். என்னை ஏற்றினார்கள். விஷயம் எங்கள் ஊர் கபடிக் குழுவின் மானம் சம்பந்தப்பட்டது.

குழுவின் பெயர் ‘வெற்றிமுரசு’. முரசு இருக்கிறது. ஒரு டிரம் செட்டே சொந்தமாக வைத்திருக்கிறோம். பெயரின் முதல் பாதிதான் பாக்கி. எனக்குத் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன், எந்தப் போட்டியிலும் முதல் பரிசு வாங்கியதில்லை. இரண்டாம் பரிசுகள் உண்டு. ஏராளமாக உண்டு. வைக்க இடமில்லாமல், ஒரு வீட்டில் இரண்டாம் பரிசுக் கேடயத்தின் மேல்தான் சூடான தோசைக்கல்லை இறக்கி வைக்கிறார்கள்.

புதுக்கோட்டையில் குடியேறிவிட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தலைமைச் செயலகம், கீழ ராஜவீதிப் பக்கம் இருக்கும் கருப்பையாவின் ஜெராக்ஸ் கடை. ஆதார் கார்டை நகலெடுக்க வருபவர்கள், வெற்றிமுரசின் எதிர்காலத்தையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

“இந்தத் தடவ அடிச்சிருவோம்ண்ணே. அதுல மாத்தமே இல்ல” என்றார் கருப்பையா, போட்டிக்கு ஒரு வாரம் முன்னால்.

“போன வருசமும் இதத்தான்டா சொன்ன” என்றார் ஆரோக்கியசாமி. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். கெட்ட செய்தியைப் பதற்றமில்லாமல் கொடுத்துப் பழகியவர்.

“போன வருசம் வேற சார். இந்தத் தடவ நம்மள எப்பவும் அடிக்கிற அந்த ஊரு டீமோட லெஃப்ட் கார்னர் சிங்கப்பூர் போயிட்டான்.”

“போனா என்ன? நீங்க சிங்கப்பூருக்கே போயி ஆடுனாலும், அவன் அங்கிட்டு நின்னு கால வாரி விடுவான்.”

“நம்ம பசங்க ரெண்டு பேரு புதுசா எறங்குறாய்ங்க. புலி மாதிரி!”

“புலியத்தான் வருசா வருசம் பாக்குறமே. கோட்டத் தொட்டா பூனையாயிருது.”

நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? நான் நம்பிக்கைக் கட்சி. நிறையக் கதைப் புத்தகம் படித்தவனுக்கு வரும் வியாதி இது. கடைசி அத்தியாயத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். எங்கள் குழு அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதினால்தானே?

இந்த முறை நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது. செல்வம்.

செல்வம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எங்கள் குழுவின் முதல் ரெய்டர். எதிராளிக் களத்துக்குள் அவர் ஏறிப் பாடினால், ஏழு பேரும் பின்வாங்கிச் சுவரைத் தேடுவார்கள். ஆனால் முழங்கால் தேய்ந்துவிட்டது. டாக்டர், ‘போதும் தம்பி’ என்று சொல்லிவிட்டார். இதுதான் அவருடைய கடைசிப் போட்டி.

அது நடந்ததோ ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு ஊரில். செல்வத்தின் மாமனார் ஊர். எங்களைப் பல முறை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்த ஊரும் அதுவேதான். அவர்கள் எங்களுக்குப் பெண் கொடுத்தார்கள். கோப்பையைத்தான் கொடுக்கவில்லை.

மாமனார் எப்போதும் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் தோற்றதும் எழுந்து வந்து மருமகனின் தோளைத் தட்டி, “பரவால்ல மாப்ள, நல்லா வெளாண்டீங்க” என்பார். அதில் கிண்டல் துளியும் கிடையாது. அதனால்தான் அது அப்படி வலிக்கும்.

“ஒரே ஒரு தடவ, ஜெயிச்ச மூஞ்சியோட கப்பக் கையில புடிச்சுக்கிட்டு மாமனார் வீட்டுக்குள்ள நொழையணும்ண்ணே. அப்பறம் கபடியத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்” என்று செல்வம் ஜெராக்ஸ் கடையில் சொன்னபோது, மெஷினே ஒரு நிமிடம் ஓடாமல் நின்றது.

இனி, எடை விவகாரம். இந்தப் பக்கத்துப் போட்டிகள் பலவும் எடைப் பிரிவில்தான் நடக்கும். இது அறுபத்தைந்து கிலோ. அதற்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் கோட்டுக்கு வெளியே நின்று விசிலடிக்க வேண்டியதுதான். செல்வம் வாரக்கணக்கில் சோற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தார். வெள்ளரிக்காயும் மோரும்தான் ஆகாரம். அன்று காலை புறப்படும் முன் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம். அறுபத்தைந்துக்கு உள்ளேயே நின்றது. கருப்பையா தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எதிராளியின் கார்னர், காற்று, மண்ணின் ஈரம் என்று எல்லாவற்றையும் வாரம் முழுக்க அலசிய எங்கள் அறிஞர் சபை, ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்த ஊருக்கு அவர் மருமகன்.

மாமனார் ஊருக்கு வந்த மருமகன் அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் மைதானத்துக்குப் போக முடியுமா? போனால் மனைவியிடம் திரும்பி வர முடியுமா? “அஞ்சு நிமிசம், தலையக் காட்டிட்டு வந்துர்றேன்” என்றார் செல்வம்.

காவலுக்கு ஓர் ஆள் கூடப் போக வேண்டும் என்று முடிவானது. “அண்ணன் போகட்டும். படிச்சவரு, கண்டிப்பானவரு” என்று கருப்பையா என்னைக் காட்டினார். இதைப் பிறகு என் மனைவியிடம் சொன்னபோது, சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தோம். இலை ஏற்கெனவே விரித்திருந்தது.

“வாங்க மாப்ள. வாங்கண்ணே, கையக் கழுவுங்க” என்றார் மாமியார்.

“அத்த, இன்னைக்கி வெயிட் பாப்பாக. ஒரு சொம்புத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது...”

“என்ன வெயிட்டு? கண்ணு ரெண்டும் உள்ள போயிக் கெடக்கு. எம் மக ஒங்களுக்குச் சோறு போடுறாளா இல்லையா?”

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாது. சாப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

செல்வம் என்னைப் பார்த்தார். நான் கண்டிப்பாகத் தொண்டையைக் கனைத்தேன். அந்த நேரம் பார்த்து என் முன்னாலும் ஓர் இலை விழுந்தது. அதில் நாட்டுக்கோழி. ஓரத்தில் மீமிசல் பக்கமிருந்து காலையில் வந்த நண்டு. மசாலாவுக்குள் கால்களை மடக்கிக்கொண்டு என்னையே பார்த்தது.

“செல்வம்... ஒரு வாய் சாப்பிடுங்க. பெரியவங்க மனசு நோகக் கூடாது” என்றேன்.

நான் சொன்னதுதான். என் குரல்தான்.

மைதானத்தில் நெல் மண்டியிலிருந்து கொண்டு வந்த எலக்ட்ரானிக் தராசு. செல்வம் ஏறினார். அறுபத்தைந்து கிலோ எழுநூறு கிராம்.

விழாக் கமிட்டிக்காரர் நல்ல மனிதர். “மொத ஆட்டம் தொடங்குற வரைக்கும் டைம் தாரோம். அதுக்குள்ள எறக்குங்க” என்றார்.

“சதிண்ணே இது!” என்று கருப்பையா குதித்தார். “வேணும்னே சோத்தப் போட்டுக் கவுத்துட்டாங்க!”

“மாமியா சோறு போட்டது சதின்னா, கல்யாணம் ஆன அத்தன பேரும் அதுல சிக்குனவங்கதான்டா” என்றார் ஆரோக்கியசாமி. பிறகு மெதுவாகத் திரும்பினார். “அது சரி, காவலுக்குப் போனவரு என்ன பண்ணாரு?”

எல்லோரும் என் சட்டைக் காலரைப் பார்த்தார்கள். குனிந்து பார்த்தேன். நண்டுக் குழம்பு.

செல்வம் தராசுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வாலிபர் வந்தார். செல்வத்தின் மச்சினன் முத்து. எதிர் டீமின் ரைட் கார்னர். கையில் ஒரு ஸ்வெட்டர், ஒரு ரெயின்கோட், ஒரு குரங்குக் குல்லா.

“போடுங்க மச்சான், எந்திரிங்க.”

“நீ எதுக்கு மாப்ள?” என்றார் செல்வம்.

“பின்ன? நீங்க இல்லாம கப்பு வாங்குனா, சோத்தப் போட்டு ஜெயிச்சாய்ங்கன்னு பேராயிரும். எங்க ஆத்தா பேரு வேற கெட்டுப் போகும். ஒங்களக் கோட்டுக்குள்ளதான் அமுக்கணும்.” பிறகு எங்களைப் பார்த்தார். “வெயில்ல நிப்பாட்டுன காரு எதும் இருக்கா?”

இருந்தது. என்னுடையது. அதன் ஏ.சி. செத்து வெகுநாளாகிறது. ஏறுபவர்களையெல்லாம் வேக வைத்தே இறக்கும். அதற்காக அதை யாரும் பாராட்டியது அன்றுதான் முதல் தடவை. செல்வத்துக்கு மயக்கம் கியக்கம் வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உள்ளே வேண்டும் என்றார்கள். யாரை அனுப்புவது என்பதில் இந்த முறை விவாதமே எழவில்லை.

வேர்த்தோம். நடுநடுவே அவர் இறங்கி ஓடிவிட்டு வந்து மறுபடி ஏறினார். நான் இறங்க அனுமதி இல்லை. எனக்கும்தான் வேர்த்து எடை குறைந்திருக்கும். என்னை யாரும் தராசில் ஏற்றிப் பார்க்கவில்லை.

மறுபடி எடை. இன்னும் ஐம்பது கிராம்! மோதிரத்தைக் கழற்றினார். காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு போனது. இனி கழுத்துத் தாயத்துதான். அதைக் கழற்றினால் எடையோடு ராசியும் போய்விடாதா என்று கருப்பையா கலங்கினார்.

“கழட்டுய்யா. சாமி தராசுக்கு வெளிய நின்னும் காப்பாத்தும்” என்றார் ஆரோக்கியசாமி.

கழற்றினார். எண்கள் ஆடின... நின்றன. அறுபத்தைந்து. எங்கள் டிரம் செட் அப்போதே அடிக்க ஆரம்பித்துவிட்டது. எடையில் ஜெயித்ததற்காக டிரம் அடித்த முதல் ஊர் நாங்களாகத்தான் இருப்போம்.

எலுமிச்சை, உப்பு, குளுக்கோஸ் எல்லாம் கரைத்துக் கொடுத்து அவரைத் தேற்றினோம். முதல் இரண்டு ஆட்டங்களையும் அந்தப் புதுப் பையன்களே பார்த்துக்கொண்டார்கள். புலிகள் அன்று பூனையாகவில்லை. பொழுது சாயும் நேரம், இறுதி ஆட்டம். எதிரே யார்? வேறு யார்... மாமனார் ஊர்தான்.

புள்ளிகள் சமமாகவே போயின. கடைசி ரெய்டு எங்களுடையது. செல்வம் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார்.

மைக்கில் வர்ணனையாளர் கத்தினார்: “மருமகன் வர்றாரு... மச்சினன் நிக்கிறாரு... யாருக்குக் கை தட்டுறதுன்னு ஊர்க்காரங்க முடிவு பண்ணிக்கங்க!”

செல்வம் வலது பக்கம் போவது போலப் போய், இடது பக்கம் திரும்பினார். கை முத்துவின் தோளில் பட்டது. பட்ட அதே நொடியில் முத்து பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டார். அதே தேய்ந்த கால். செல்வம் விழுந்தார். முத்து விடவில்லை. மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. மண்ணைக் கீறிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. விரல் நடுக்கோட்டில் பட்டது.

விசில்.

எங்கள் பக்கம் யாரும் சத்தம் போடவில்லை. நம்புவீர்களா? ஒருவரும் போடவில்லை.

“இருங்கடா... ஏதாச்சும் சொல்லுவாங்க” என்றார் ஆரோக்கியசாமி, ரெஃப்ரீயைப் பார்த்தபடி. ரெஃப்ரீ ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கை காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அண்ணே, இப்ப என்ன பண்ணணும்?”

அதன் பிறகு எல்லாம் முறையாக நடந்தது. மாலை, வெடி, டிரம். ஆரோக்கியசாமி ஆடினார். ஆட்டம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை, கைகால்கள் அசைந்தன. செல்வத்தின் கையில் கோப்பையைக் கொடுத்து, நொண்டிக்கொண்டு வந்தவரை மாமனார் வீட்டுத் தெரு வரை ஊர்வலமாகக் கூட்டிப் போனோம். வீட்டுக்குச் சற்று முன்னால் செல்வம் நின்றார். கோப்பையைக் கருப்பையாவிடம் நீட்டினார்.

“இத வண்டில வைங்க. டிரம்ம நிப்பாட்டச் சொல்லுங்க.”

“என்னப்பா இது? இதுக்குத்தான இத்தன வருசம்...”

“வைங்கண்ணே. வாரேன்.”

தனியாக வீட்டைப் பார்த்து நடந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, குழு வந்த வேனில் ஏறி உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ன செல்வம், கப்போட போகணும்னுதான சொன்னீங்க?”

“அப்டித்தாண்ணே வந்தேன். தூரத்துல மாமா வாசல்ல உக்காந்திருந்தது தெரிஞ்சுச்சு. அவுக மூஞ்சியப் பாத்தேன்... தோத்த அன்னைக்கெல்லாம் நான் கண்ணாடில பாக்குற மூஞ்சி.”

“அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“பக்கத்துல உக்காந்தேன். ‘முத்து நல்லாப் புடிச்சான் மாமா, கணுக்காலு இன்னும் வலிக்கிது’ன்னேன். சிரிச்சாக.”

ஜெயிப்பதில் எங்களுக்கு இன்னும் அனுபவம் போதாது; ஆனால், ஜெயித்தவன் என்ன சொல்லக் கூடாது என்கிற பாடத்தில் வெற்றிமுரசை அடிக்க இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது!