அளவுகோல் நின்ற இடம்

நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் அந்த ஏரிக்குக் கிழக்கே கல் அணை, வடக்கே பாறை. அந்தப் பக்கங்களில் தண்ணீர் ஓர் ஆள் உயரம் ஏறினாலும் கரை அதிகம் நகராது. மேற்குக் கரை வேறு ரகம். சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டை. அங்கே நாலு விரல் ஏறினால் போதும், ஒரு தெருவே நனைந்துவிடும்.

இதைப் பெரிய படிப்புப் படித்தவர்களைவிட நன்றாக அறிந்தவர் குச்சிக்காரர். நில அளவைக்காரர் கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்க்க, எதிரே அளவுகோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. ஆளும் கோல் மாதிரியே ஒல்லி. "கோல் எது, நீங்க எதுன்னே தெரியல" என்று அளவைக்காரர் தினமும் கிண்டல் செய்வார். இவரும் தினமும் சிரித்து வைப்பார். பாவம், வேறு என்ன செய்வது!

ஏரி நிறைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று எல்லை குறிக்க உத்தரவு வந்தது. உள்ளே விழும் வீட்டை இடித்துவிட்டு, மேட்டில் வேறு வீடு தருவார்கள். மேற்குக் கரையின் கடைசித் தெருவில் குச்சிக்காரரின் தங்கை வீடு. கணவன் போனபிறகு தையல் மிஷினை மிதித்து மிதித்தே அவள் கட்டியது.

பக்கத்து வீடு நாலு விரல் தாழ்வால் எல்லைக்குள் போயிற்று. தங்கை வாசலும் அதே மட்டம்தான் என்று அவர் கண்ணுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவள் கதவோரம் நின்று அண்ணனையே பார்த்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கோலைத் தரையில் வைக்காமல் தன் பூட்ஸ் மேல் வைத்தார். கோல் எத்தனை விரல் உயர்கிறதோ, கணக்கில் தரையும் அத்தனை உயரும். வாசல் பூந்தொட்டி காலை மறைத்துக்கொண்டது.

"இந்த வீடு தப்பிச்சுது!" என்று தூரத்திலிருந்து அளவைக்காரர் குரல் கொடுத்தார்.

தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனை உள்ளே இழுத்து உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

"இனி பயமில்லண்ணா. மகளை இங்கயே வந்துடச் சொல்லப்போறேன். தவழுற பிள்ளையோட வாடகை வீட்ல அல்லாடுறா. இந்த முன் அறையில இருந்துக்கட்டும்."

ஏரிக்கு அவர் பூட்ஸைப் பற்றி என்ன கவலை? டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, தெருமுனையில் கருவியை மடக்கிக்கொண்டிருந்த அளவைக்காரரிடம் ஓடினார்.

"சார், மறுபடி பாருங்க. கோலை என் கால் மேல வச்சுட்டேன்."

அளவைக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். "அது உங்க தங்கச்சி வீடாச்சே?"

"அதனாலதான் சார்."

இந்த முறை கோல் தரையில் நின்றது. வீடு எல்லைக்குள் போயிற்று.

"ஊரெல்லாம் அளந்தே, உன் கூடப்பொறந்தவ வீட்டைக்கூட விடமாட்டியாண்ணா?" என்று தங்கை வெடித்தாள்.

"தண்ணி வந்தா நமக்குக் கணுக்கால்தான் நனையும். தவழுற பிள்ளைக்கு அது மூக்கு மட்டம்மா."

அவள் உடனே மகளுக்குப் போன் போட்டு, "இப்ப வரவேண்டாம்" என்றாள்.