டீத்தூள் இருந்த உயரம்

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றாலே தோள் இடிக்கும். அலமாரி கிடையாது. சுவரில் மூன்று மரப்பலகைகளை நானே அடித்தேன். கதவு இல்லை, திரை இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உப்பு ஜாடி தெரியும்.

அரிசி மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு போன பிறகு சமையல் என் வேலையாயிற்று. மனைவி விழுப்புரத்தில் ஒரு துணிக்கடைக்குக் காலை ரயிலில் போய்விடுவாள். என்னால் குனிய முடியாது. அதனால் தினமும் எடுக்கிற உப்பு, புளி, மிளகாய்த்தூள், டீத்தூள், சர்க்கரை எல்லாம் மேல் பலகையில், என் தலைக்குச் சற்று மேலே. எப்போதாவது எடுக்கிற கேப்பை மாவும் மல்லாட்டைக் கடலையும் கீழே. நான் நல்ல உயரம். மனைவி என் தோளுக்கு வருவாள்.

கிளியனூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்ததால், இதுவாவது அமையட்டும் என்று எனக்கும் ஆசைதான். ஏற்பாடு செய்த என் அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். பலகையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னாடா இது? பையனோட அம்மா உள்ள வந்தா ஒரே பார்வையில கண்டுபுடிச்சிடுவா, உம் பொண்டாட்டி அடுப்புப் பக்கமே வர்றதில்லன்னு. எல்லாத்தையும் கீழ எறக்கு. ஜல்தி!”

அக்காவை எதிர்த்து நான் பேசியதில்லை. யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. தலையை ஆட்டினேன். ஒரு பாட்டிலையும் இறக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா, டீ போடப் போன என் மனைவியின் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். மனைவி எக்கிப் பார்த்தாள். விரல் நுனி பாட்டிலின் அடியைத் தொட்டது, அவ்வளவுதான்.

“இன்னாம்மா, உங்க வூட்ல டீத்தூளு மேகத்துல இருக்குது?” என்று அந்த அம்மா சிரித்தார்.

“எலி தொல்லைங்க,” என்றாள் வெளியே நின்ற அக்கா சட்டென்று. “அதான் மேல தூக்கி வச்சிக்கினு இருக்கோம்.”

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். விடிவதற்கு முன் எழுந்து ரயில் பிடிக்கிறவள். அவள் எதற்குக் குனிய வேண்டும்? நான் நெருக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்தேன்.

“எலி இல்லீங்க. இந்த வூட்ல நான்தான் சமைக்கிறேன். என் கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கேன்.”

டீயும் நானே போட்டேன். எல்லோரும் குடித்தார்கள். யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள், பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று தகவல் வந்தது. அக்கா வந்து குதித்தாள். “நான் சொன்ன ஒரு எலிய ஒத்துக்கினு இருந்தா பொண்ணு கரையேறியிருக்கும்! உன்னால ஒரே பேஜாரு!”

மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள்தான் பேசினாள்.

“ஒரு பொய் சொல்லிட்டா போதுமா, அத்தை? அங்க போனப்புறம் நான் எத்தினி எலி சொல்றது?”

போன வாரம் அக்கா இன்னொரு இடம் பார்த்துவிட்டு வந்தாள். மேல் பலகையை நோக்கிக் கையைத் தூக்கினாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

“கை வைக்காதக்கா. அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடு. அப்புறம் வரட்டும்.”

“சொன்னா வரமாட்டாங்கடா.”

“வராட்டி போறாங்க.”

என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு அக்கா போனை எடுத்தாள். அங்கேயே நின்றபடி, வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னாள்: “பொண்ணோட அப்பாதாங்க சமையல்... ஆமாங்க, தெனமும்தான்...” அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். நான் குக்கரில் அரிசியைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.