பட்டினித் தட்டுகள்

தாய்லாந்தின் கோன்கேனில், பித்தநாளப் புற்றுநோயை ஆராயும் கூடத்தில் பதினெட்டு வருடமாகச் செல் வளர்க்கிறவள் பிக்குன். மூன்று வாரமாக அவளுக்குத் தன் கைகள் மேலேயே எரிச்சல்.

வேலை புதிதல்ல. ஜீனின் உத்தரவுப்படி புரதம் உண்டாகிவிடும். ஆனால் உண்டானது சும்மா குந்தியிருக்கும். வளர்ச்சி ஊக்கி செல்லைத் தொட்டால், புரதத்தின்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டும். அப்புறம்தான் அது வேலைக்குக் கிளம்பும். இதைக் காட்ட, ஞாயிறு மாலை முதல் செல்களுக்குச் சத்தில்லாத திரவம் ஊற்றிப் பட்டினி போட வேண்டும். திங்கள் நண்பகலில் பாதித் தட்டுகளுக்கு மட்டும் ஊக்கி. பாஸ்பேட் ஒட்டிய புரதத்தைக் காட்டும் படத்தில், அவற்றுக்கு மட்டுமே கறுப்புக் கோடு விழ வேண்டும்.

மூன்று திங்களும் எல்லாத் தட்டுக்கும் விழுந்து தொலைத்தது.

"உன் கை சரியில்ல," என்றார் பேராசிரியர் நிபா. ஆசிரியர் என்ற பொருளில் எல்லோருக்கும் அவர் அஜான். நான்காம் திங்கள் காலை, பிக்குனைக் குடுவை கழுவும் வேலைக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்தில் கடிதமே கொடுத்துவிட்டார்.

அவளோ முந்தின மாலையே ஒவ்வொரு தட்டிலும் சிவப்பில் எழுதி ஒட்டியிருந்தாள்: 'பட்டினி. எதுவும் ஊற்றாதீர்கள்.'

பத்து மணிக்கு, செல் தட்டுகள் இருக்கும் வெப்பப்பெட்டியைத் திறந்த அஜான், சிவப்பு எழுத்தைப் படித்தார்; கதவை மூடவில்லை.

"போன வாரமும் இதே பட்டினித் தட்டுதானா?"

"மூணு வாரமும் இதேதான் அஜான்."

"காலைல வந்து பாப்பேன். திரவம் மஞ்சளாக் கெடக்கும். நீ சோறு போட மறந்துட்டியோன்னு நாந்தான் கொஞ்சம் ஊத்தி... மனசு கேக்கல, பிக்குன்."

வந்தவர் பேரைக் கேட்கும் முன் ஒட்டரிசிக் கூடையை நீட்டுகிற ஊர். அவர் சத்து ஊற்றியதும் எல்லாப் புரதமும் விழித்துக்கொண்டது. பிக்குனுக்குக் கோபத்தில் காது சூடானது. மூன்று வாரமாக ராத்தூக்கமில்லாமல் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"கடிதம்?"

"திரும்ப வாங்கிடலாம். மொதல்ல இத முடிச்சுக் குடு. நண்பகல் தாண்டினா செத்துடுமே."

பிக்குன் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஆபீஸ் எதிர்லதான் இருக்கு அஜான். போயிட்டு வாங்க. அதுவரைக்கும் இதுங்க பசியா இருக்கட்டும்."