பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி

2006, ஏப்ரல் தொடக்கம். ஹைதராபாத்தின் லிங்கம்பள்ளி ரயில் நிலையத்தில் இறங்கும்போதே காலை வெயில் சுள்ளென்று அடித்தது. புதுக் காரில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்த தங்கை கணவர் ஆட்டோவில் வந்திருந்தார். ராமச்சந்திராபுரத்தில் அவருடைய தொழிற்சாலைக் குடியிருப்புக்கு மூன்று கிலோமீட்டர், முப்பது ரூபாய். கார் எங்கே என்றதற்கு, வந்து பாருங்கள் என்றார். எங்கேயோ இடித்துவிட்டார் என்று நானாக முடிவுகட்டி, பெருந்தன்மையோடு வாயை மூடிக்கொண்டேன்.

கார் வாசலில் பளபளவென்று நின்றது. சேறு ஒட்டக் கூடாதென்று சுற்றிலும் ஜல்லி பரப்பியிருந்தார். அது தனக்காகப் போட்டது என்று நினைத்த ஓர் ஆள்காட்டிக் குருவி, பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நாலு முட்டை இட்டிருந்தது. ஜல்லிக்கும் முட்டைக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை. காருக்கு முன்னால் மதில், பின்னால் முட்டை.

“வண்டிய எடுத்தா நாலு உசிரு போயிரும் மச்சான். பொரிக்கட்டும். கோல்கொண்டாவுக்கு உங்களக் கார்லதான் கூட்டிட்டுப் போவேன்” என்றார். அவருக்கு அது முதல் கார். அதில் முதல் விருந்தாளியாக நான் ஏற வேண்டும் என்று ஆசை. எனக்கோ விடுப்பு ஒரு வாரம்தான். முட்டைக்கு அது தெரியுமா?

வேறு வழியில்லாமல் வராந்தாவில் நாற்காலியைப் போட்டேன். இரண்டாம் நாளே எரிச்சல் போய்விட்டது. உச்சி வெயிலில் தாய்ப்பறவை குழாயடித் தொட்டிக்கு வந்து வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடும். ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். வேலியோரம் எட்டிப்பார்த்த கீரிப்பிள்ளையை இறக்கை விரித்துக் கத்தியே துரத்தியது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். முருங்கையில் தேன்சிட்டு, மதில்மேல் கழுத்துச் சிவந்த ஓணான் என்று பொழுது பறந்தது. ஒரு மாலை ஷேர் ஆட்டோவில் அமீன்பூர் ஏரிக்குப் போனோம். வற்றிய நீரில் நாரைகள் வரிசையாக மேய்ந்தன; பாறைகளுக்கு அப்பால் புதிய அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன.

கடைசி நாள் விடிந்ததும் தங்கை மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். தமிழ் புரிந்தாலும் அவளுக்கு வாயில் வருவது தெலுங்குதான். “மாமா, ரண்டி” என்று வரச் சொன்னாள். போய்ப் பார்த்தால், ஜல்லியில் வெறும் ஓடுகள். பஞ்சுருண்டைகளாக நாலு குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. கோல்கொண்டா போனால் போகட்டும், மாலை ரயிலுக்கு செகந்திராபாத் வரை காரில்தான் என்றார்.

மதியம் தேய்த்த சட்டையோடு வந்து, வழக்கப்படி சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“மச்சான், இங்க வந்து பாருங்க.”

வெயிலுக்குப் பயந்து நாலும் காரின் அடியில், சக்கரத்தை ஒட்டி ஒடுங்கியிருந்தன. அந்தப் பழத்தைத் தங்கை சர்பத் போட்டுக் கொடுத்தாள்.

ஆட்டோ வந்தது. ஓட்டுநர் காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காடி ஹை நா சாப், ஆட்டோ கைக்கு?”

கார் இருக்க ஆட்டோ எதற்கு என்பது நியாயமான கேள்விதான். மாப்பிள்ளை காரின் அடியைக் காட்டினார். ஓட்டுநர் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தவர் இஞ்சினைக் கிளப்பாமல் ஆட்டோவைத் தள்ளத் தொடங்கினார். நாங்களும் பின்னால் கைகொடுத்தோம். கோல்கொண்டாவும் பார்க்கவில்லை, சார்மினாரும் பார்க்கவில்லை. ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று நினைக்கவே எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஊரிலிருந்தும் கிளம்பியதில்லை. தெருமுனை தாண்டித்தான் இஞ்சினைப் போட்டோம்.