நோர்வூட் பீலித் தண்ணீரில் செத்துப்போன தெள்ளுகள்

2008 பெப்ரவரியில், மழையில்லாத ஒரு வியாழக்கிழமை நோர்வூட்டுக்குப் போனேன். அது இரண்டாவது தடவை. முதல் தடவை ஓடைத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். இந்தத் தடவை அந்தத் தண்ணீருக்கு என்ன நடந்தது என்று பார்க்கப் போனேன்.

துணிகளில் சேர்க்கப்படும் நனோ வெள்ளித் துகள்கள் ஓடையில் கலந்தால் உயிர்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் என் ஆய்வு. நீர்த்தெள்ளு என்ற மிகச் சிறிய உயிர்களை ஓடைத் தண்ணீரில் விட்டு, சில குடுவைகளில் துகள்களைச் சேர்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்கச் சில குடுவைகளை அப்படியே விடுவோம். நோர்வூட் தண்ணீரில், எதுவும் சேர்க்காத குடுவைகளிலும் தெள்ளுகள் எல்லாம் செத்துக் கிடந்தன. திரும்பச் செய்தேன். அதே முடிவு. அந்த ஓடையிலிருந்துதான் கீழே உள்ள லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, குடிதண்ணீர் போகிறது.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். ஹட்டனில் இறங்கியபோது 11.20. அங்கிருந்து நோர்வூட்டுக்கு பஸ்ஸில் நாற்பது நிமிடம், பிறகு முச்சக்கர வண்டியில் நான்கு கிலோமீற்றர், 200 ரூபாய். என் போத்தல் பெட்டியைப் பார்த்து, "மலேரியா ஆபீசுங்களா மிஸ்?" என்று ஓட்டுநர் கேட்டார். இல்லை, தண்ணீர் பார்க்க வந்தேன் என்றேன். "அப்ப மேல போய்ப் பாருங்க. கீழ நின்னா என்னத்தத் தெரியும்?" என்றார்.

சென்ற தடவை நான் கீழே மட்டும்தான் நின்றேன். இம்முறை ஓடை வழியே ஏறினேன். இருநூறு மீற்றர்கூட இருக்காது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தேயிலைக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் டேங்கியைத் தண்ணீரில் அமிழ்த்திக் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் முத்தையா என்றார்.

"எப்பவும் இதிலதான் கழுவுறனீங்களோ?" என்று என் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டேன்.

"ஆமாங்க. ஸ்டோர்ல தண்ணி இல்ல. ஒம்பது வருசமா இங்கதான்."

இரசாயனப் பரிசோதனை முடியும்வரை யாரிடமும் பேசவேண்டாம் என்று என் பேராசிரியர் சொல்லியிருந்தார். எந்த மருந்து என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் தெள்ளுகள் செத்ததைச் சொன்னேன். அவர் டேங்கியைக் கரையில் வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார்.

"ஓடுற தண்ணிதானே, அடிச்சிட்டுப் போயிரும்னு நெனச்சேங்க," என்றார். பிறகு, "எம் மக, புள்ளைக்குப் பால் மாவ அந்தத் தண்ணியிலதான் கரைக்கிது."

லயத்துப் பீலியில், அதாவது குழாய் வந்து விழும் இடத்தில், பெண்கள் குடம் வைத்திருந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"புடிக்காதீங்க. மேல நான் டேங்கி கழுவுறேன்."

லெட்சுமி என்ற பெண் குடத்தைக் கவிழ்த்தாள். "ஏண்ணே, இத இப்பத்தான் சொல்றீங்க?"

"அவருக்கும் இண்டைக்குத்தான் தெரியும். நான்தான் சொன்னனான்," என்றேன்.

நான் போய்ச் சொன்னபோது தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், எழுத்தில் அறிக்கை கேட்டார். லயத்து ஆண்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. ஆறு பேர் சேர்ந்து, டேங்கி கழுவும் இடத்துக்கு மேலே குழாயின் தலையை மாற்றினார்கள். மூன்று மணிநேர வேலை. அடுத்த மாதம், தோட்டத்துக்குள் வர எனக்கிருந்த அனுமதியை இரத்துச் செய்து ஒரு கடிதம் வந்தது. அதனால் என் ஆய்வில் அந்த ஓடை இடம்பெறவில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை என்னை வழியனுப்ப வந்த முத்தையா பாதையில் நின்றார். "அவங்களுக்குச் சொல்லியாச்சு. நான் அந்த மருந்தக் கையாலதான் கலக்குறேன். எனக்கு என்னங்க ஆகும்?"

எனக்குத் தெள்ளுகளைப் பற்றித்தான் தெரியும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஹட்டனில் தங்கிவிட்டு, மறுநாள் அவரை அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். வைத்தியர் அவரைக் கையை நீட்டச் சொல்லி, "எப்போதிலிருந்து நடுங்குகிறது?" என்று கேட்டார்.

"மூணு வருசமா, ஐயா."

முதல்நாள் அரைநாள் முழுக்க நான் அந்தக் கைகளின் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன்.

இனி மருந்து வேலை தரக்கூடாது என்று வைத்தியர் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறகு அவருக்குக் கவ்வாத்து வெட்டும், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும், வேலை கிடைத்தது. நடுக்கம் குறையவில்லை என்று மகள் தொலைபேசியில் சொன்னாள்.

மாதிரி எடுக்க மலையகம் போகிறவர்கள் அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரமும் நல்ல சப்பாத்தும் கொண்டுபோங்கள். கையில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்திருங்கள். வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் ஆறரைக்கே வரிசையில் நில்லுங்கள். நாங்கள் எட்டு மணிக்குப் போனோம், முறை வரப் பதினொன்றரை ஆனது.