மகாகவியின் மனைவி பெயர் என்ன?

போன மாதம் வெஸ்ட் வின்ட்சரில் ஓர் இலக்கியக் கூட்டம். நண்பர் வீட்டு பேஸ்மென்ட், முப்பது மடக்கு நாற்காலி, ஒரு ட்ரே வடை.

பேச்சாளர் கவிஞர் சுந்தரவேல். பக்கத்து ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் கம்ப்யூட்டர்காரர். இப்போது நான்கு மாதமாகப் பெஞ்சில் இருக்கிறார் — கம்பெனி உண்டு, ப்ராஜெக்ட் இல்லை, சம்பளமும் இல்லை. இதை அவர் 'நாடுகடத்தல்' என்பார். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டு நாடுகடத்தப்பட்ட ஒரே மனிதர்!

அந்த நான்கு மாதத்தில் அவர் ஒரு கவிதைத் தொகுப்பு எழுதினார். மனைவி மல்லிகா எட்டு மாத வயிற்றோடு தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க்குக்கு வேலைக்குப் போய் வந்தார்.

அன்றைய பேச்சின் தலைப்பு, ஓர் இடைக்கால இத்தாலியக் கவிஞரின் குடும்பம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர். மகன்களும் பின்னாலேயே போனார்கள்; பிறகு அப்பாவின் கவிதைக்கு உரை எழுதினார்கள். கவிஞர் உருகி உருகிப் பாடியதோ, இளவயதில் பார்த்த வேறொரு பெண்ணை. மகள் கன்னியாஸ்திரீ ஆனபோது, அந்தப் பெண்ணின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டாளாம்.

இந்த இடத்தில் சுந்தரவேல் குறிப்புகளை மூடிவைத்தார். தனக்குப் பெண் பிறந்தால் 'யாழினி' என்று வைக்கப்போவதாக அறிவித்தார். கைதட்டல்.

யாழினி யார்? அவர் கவிதைகளின் நாயகி. கல்லூரியில் முன் பெஞ்ச். அவளிடம் அவர் பேசியது ஒரே ஒருமுறை... பிராக்டிகல் நோட்டு கேட்டு.

இரண்டாவது வரிசையிலிருந்து மல்லிகா கேட்டார். "அந்தக் கவிஞரோட வைஃப் பேர் என்னங்க?"

சுந்தரவேல் குறிப்புகளைப் புரட்டினார். "அது... ரெக்கார்ட்ஸ் சரியா இல்லை."

மறுநாள் லைப்ரரியில் பார்த்தேன். பெயர் இருக்கிறது. ஊரிலேயே தங்கிப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். அவரைப் பற்றிக் கவிஞர் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. (அதனால்தான் கவிஞர் பெயரை நானும் இங்கே எழுதவில்லை.)

மல்லிகாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"பசங்க உரை எழுதினாங்களே, அவங்களாவது அம்மாவைப் பத்தி எழுதினாங்களாக்கா?"

தெரியவில்லை என்றேன். சரிக்கா என்று வைத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் பெண் பிறந்தது. ரசம் சாதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுந்தரவேல் வராந்தாவில் போனும் காலிங் கார்டுமாக நின்று, ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் 'யாழினி' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, பர்த் சர்ட்டிஃபிகேட் ஃபாரத்தோடு ஆஸ்பத்திரி அலுவலகப் பெண் ஒருவர் அறைக்குள் வந்தார்.

மல்லிகா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். முதல் பெயர் — நித்யா. கடைசிப் பெயர்? நம் வழக்கத்தில் அப்பா பெயர் வரும் கட்டம். அதில் 'மல்லிகா' என்று எழுதினார்.

இது உங்கள் குடும்பப் பெயரா என்று அந்தப் பெண் கேட்டார். இனிமேல் அதுதான் என்றார் மல்லிகா. ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

சுந்தரவேல் திரும்பி வந்து ஃபாரத்தை இரண்டு முறை படித்தார். "என் பேர் எங்க?"

"உங்க பேர் புக் அட்டையில வரப்போகுதுங்க. என் பேரும் எங்கயாவது இருக்கட்டும்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் டயபர் மாற்றக் கற்றுக்கொண்டார். மல்லிகாவுக்கு அதுவே பெரிய நிம்மதி.

நேற்று சுந்தரவேல் போன் பண்ணினார். தொகுப்பை மனைவிக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறாராம், அச்சுக்கே போய்விட்டதாம். எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன்.

'என் இல்லத்தரசிக்கு.'