ஒரு சாவு தூரத்தில் ஆசனம்

என் தம்பி ரூபர்ட் பிரபுவாகப் பிறந்தவன். நான் அவனுக்கு மூத்தவள்தான், ஆனால் பெண். அப்பா கண்மூடியதும் பட்டமும் வீடும் லண்டன் நாடாளுமன்றத்தில் பிரபுக்கள் சபை ஆசனமும் அவன் மடியில் வந்து விழுந்தன. பல வருடம் அங்கே போய், வாயே திறக்காமல், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். 1999-இல் பரம்பரைப் பிரபுக்களை வெளியே அனுப்பியபோதுதான் ஐயாவுக்கு அரசியல் ஆசையே வந்தது.

தொண்ணூற்றிரண்டு பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். அவர்களில் ஒருவர் செத்தால் தேர்தல். வெளியே நிற்கும் பிரபுக்கள் போட்டியிடலாம். ஓட்டுப் போடுவது உள்ளே இருக்கும் பிரபுக்கள். ஊர் ஜனங்களுக்கு அதில் வேலையில்லை. ஆக, உள்ளே போக ஒரு சாவு வேண்டும். ரூபர்ட் காலையில் முட்டையை உடைக்கும் முன்பே இரங்கல் செய்திகளைப் படித்துவிடுவான்.

இரண்டு முறை தோற்றான். பிறகு அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி விண்டர்கில் மாமா மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மாமா அந்தத் தொண்ணூற்றிரண்டு பேரில் ஒருவர், இதயம் பழுது. வாராவாரம் அவரைப் பார்க்க யார்க்‌ஷயருக்குப் போனோம். கார் ஓட்டுவது நான்.

"வாடா ரூபர்ட், சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தியா?" என்பார் மாமா.

"சும்மா இருங்க மாமா. நீங்க நூறு வயசு இருப்பீங்க."

"சொல்றப்பவே மூஞ்சி செத்துப்போச்சேடா!"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

நவம்பரில் மாமா படுக்கையில் விழுந்தார். கைக்கெட்டும் மேசையில் ஒரு பித்தளை மணி இருக்கும். மூச்சு முட்டினால் அடிப்பார், நர்ஸ் மாத்திரையோடு ஓடுவாள். அந்த ஞாயிறு அவளும் நானும் கீழே சமையலறையில் தேநீர் குடித்தோம். மணி அடிக்கவில்லை. ரூபர்ட் மெதுவாக இறங்கி வந்தான்.

"மாமா தூங்குறாரு. எழுப்பாதீங்க."

உட்கார்ந்து கேக் சாப்பிட்டான். இன்னொரு துண்டும் கேட்டான்.

நர்ஸ் மேலே போனபோது மாமாவின் உடல் சில்லிட்டிருந்தது. கை மேசைப் பக்கம் நீண்டு கிடந்தது. மணி எதிர்ச் சுவரில், கணப்பு அடுப்பின் மேல்தட்டில் இருந்தது.

திரும்பும் வழியில் கேட்டேன்: "மணியை யாருடா அங்க வச்சது?"

அவன் கண்ணாடி வழியே வயல்களைப் பார்த்தான். "ஓட்டுப் போடுறவங்க பாதிப் பேர் சாவுக்கு வருவாங்க. என் பக்கத்துல நில்லுக்கா. குடும்பம்னா மதிப்பாங்க."

சாலையோரம் காரை நிறுத்தினேன், பிறகு மறுபடி கிளப்பினேன்.

அவன் ஜெயித்தான். சபையில் முதல்முதலாக எழுந்து பேசியதை பார்வையாளர் மாடத்தில் இருந்து கேட்டேன். நோயாளி முதியவர்களைத் தனியாக விடக் கூடாது என்றான். சுற்றியிருந்த கிழட்டுப் பிரபுக்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.